திட்டு இல்லாத கடிதம்

ஜூன் 6

மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறீர்களா? இருந்தால் ஒரு வரி எழுதக்கூடாதா? புயல் அடித்த மலைக்குக் கரண்ட் கம்பம் நடப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அங்கே போன் டவரும் சாய்ந்து கிடக்கிறது, பேச முடியாது என்று ஆள் விட்டுச் சொன்னதோடு சரி. கம்பம் ஏற்றும் லாரி இங்கே டிப்போவிலிருந்துதான் கிளம்புகிறதாம். டிரைவரிடம் கொடுத்தால் உங்கள் கைக்கு வந்துவிடும் என்றார்கள். அதுதான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரிக்கு ஆறு மாதம் முடியப் போகிறது. என்னோடுதான் இருக்கிறாள். உட்கார்ந்து எழுதினால் முதுகு வலிக்கிறதாம். அதனால் நான் எழுதுவேன், கடைசியில் அவள் ஒரு வரி கிறுக்குவாள்.

முந்தாநாள் காற்றில் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. தையல் கடையில் மூன்று மெஷினும் சும்மா கிடந்தன. பள்ளிக்கூடச் சீருடை அத்தனையும் வெட்டிப் போட்டது போட்டபடி. சாயங்காலம் ஆடி அசைந்து வந்து சேர்ந்தார் எங்கள் தெரு லைன்மேன், அந்த மஞ்சள் தொப்பிக்காரர். "வர்ற வழியில தூங்கிட்டீங்களா?" என்று கேட்டேன். பதிலே இல்லை. ஏறினார், என்னவோ முறுக்கினார், இறங்கினார், போய்விட்டார். சரியான கல்லுளிமங்கன். உங்கள் லைன்மேன்கள் எல்லாருமே இப்படித்தானா?

கம்பத்தில் ஏறுகிறவருக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். அது உங்களுக்கும் தெரியும். என் பேச்சு அம்பலம் ஏறவில்லை. ஆனதுதான் ஆகிவிட்டது, வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஈரத் துணியோடு தூங்காதீர்கள்.

இப்படிக்கு,
பெண்ணையும் கொடுத்துவிட்டுக் கடிதமும் எழுதும் அத்தை

அம்மா சொல்றதுல பாதியை விட்டுடுங்க. நான் நல்லா இருக்கேன். உள்ள இருக்கிறது உதைக்குது, வலது பக்கமா.


ஜூன் 17

அத்தைக்கு வணக்கம்.

உயிரோடுதான் இருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் உயிர் வந்தது. லாரி வரும் பாதை மறுபடி சரிந்துவிட்டதால் பதில் தாமதம். என் மேல் பழி போடாதீர்கள்.

கூரை பாதி போன ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை. என் பக்கத்துப் பெஞ்சில் படுப்பவருக்கு ஒட்டகம் என்று பெயர். கால் பெஞ்சுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். சாப்பாடு, சூடாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் போர்மேன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. தினமும் காலையில் நாங்கள் இடுப்பு பெல்ட்டை மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவர் எதிரிலும் வந்து நின்று, முகத்தைப் பார்த்து, "வீட்டுல எல்லாரும் நலமா?" என்று கேட்பார். நலம் என்றால் மேலே. இல்லை என்றால் கீழே. ஏன், என்ன என்று ஒரு கேள்வி கிடையாது. அன்றைக்குக் கயிறு பிடிக்கலாம், சாமான் எடுத்துக் கொடுக்கலாம், கம்பத்தில் மட்டும் கால் வைக்கக் கூடாது. சம்பளத்தில் கை வைக்க மாட்டார், கேலியும் செய்ய மாட்டார். எங்கே கற்றுக்கொண்டார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அதனால் அத்தை, உங்கள் கடிதம் வந்தால்தான் எனக்கு வேலை. திட்டினாலும் பரவாயில்லை, எழுதிக்கொண்டே இருங்கள்.

மஞ்சள் தொப்பிக்காரர் பேசாததற்குக் கோபப்படாதீர்கள். மேலே போகிற நேரத்தில் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். நம் வீட்டில் என்னை வாயாடி என்பார்கள், இங்கே வந்து பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

உள்ளே உதைக்கிறவரிடம் சொல்லுங்கள், அப்பா வந்துவிடுவார், அதுவரை பாட்டியிடம் வம்பு வேண்டாம் என்று.

இப்படிக்கு,
பெஞ்சில் தூங்கும் மருமகன்


ஜூன் 27

மாப்பிள்ளைக்கு,

அத்தை. உடம்பு எப்படி என்று கேட்கவில்லை, கேட்டால் நல்லபடி என்றுதான் சொல்லப் போகிறீர்கள்.

உங்கள் போர்மேன் என்ன நம் சம்பந்தியா, விடிந்ததும் வந்து நலம் விசாரிக்க? வேலை நடக்கிற இடத்தில் வேலையைத்தானே பேச வேண்டும்? என் கடையில் நானும் இரண்டு பெண்களை வைத்து வேலை வாங்குகிறேன். வீட்டில் நலமா என்று வாயைத் திறந்தால் போதும், மாமியார், நாத்தனார், ஓரகத்தி கதை என்று மத்தியானம் வரை ஒரு காஜாகூட எடுக்க மாட்டார்கள். அவருக்கு இரண்டு விரல்தான் போயிற்றா, கூடவே வேறு ஏதாவது கழன்றுவிட்டதா?

இதோடு ஒரு சட்டை வைத்திருக்கிறேன். கெட்டியான பருத்தித் துணி. நெருப்புப் பொறி பட்டால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் நைலான் எல்லாம் ஆகாது என்று நீங்கள் ஒரு நாள் சொன்னது ஞாபகம் இருந்தது. தோளில் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். கழுத்துக்குள்ளே உறுத்தாமல் மடித்து அடித்திருக்கிறேன். என் கையால் தைத்த சட்டை இதுவரை ஒன்றும் கிழிந்ததில்லை. கிழித்தீர்கள் என்றால் இருக்கிறது உங்களுக்கு.

உங்கள் வீட்டுக்காரி ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள். பட்டன் தைக்கிறேன் என்று கடைக்கு வந்து நிற்கிறாள். காலைத் தொங்கப் போடாதே என்றால் காதிலேயே ஏறவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். நான் சொன்னால் அது அம்மா தொணதொணப்பு, நீங்கள் சொன்னால் அது அக்கறை.

இப்படிக்கு,
தொணதொணப்பு அத்தை

சட்டைக்கு அம்மா மூணு நாள் உட்கார்ந்தாங்க. சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க. சொல்லிட்டேன்.


ஜூலை 8

அத்தைக்கு வணக்கம்.

சட்டை அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. அளவே கொடுக்காத எனக்கு எப்படி இப்படித் தைத்தீர்கள்? ஒட்டகம் பார்த்துவிட்டு, "உங்க அத்தைக்கு இன்னொரு பொண்ணு இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் மனிதருக்கு முகம் தொங்கிவிட்டது.

ஒரு விஷயம், கோபப்படக் கூடாது. சட்டையின் வலது தோள் கிழிந்துவிட்டது. வாகனம் ஏறாத சரிவில் பத்துப் பேர் தோள் கொடுத்துக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். உராய்ந்ததில் போயிற்று. சாக்குத் தைக்கும் ஊசியால் நானே ஒட்டுப் போட்டிருக்கிறேன். உங்கள் கண்ணில் படாமல் இருப்பது நல்லது.

இந்த மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே வரைக்கும் லைனை இழுத்துவிட வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் துடிப்பு. நர்ஸ் அம்மா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிரசவம் பார்த்தாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏறத் தெரிந்தவர்கள் குறைவு. இரண்டு பேரைக் காய்ச்சல் பிடித்துக்கொண்டுவிட்டது.

போர்மேன் அண்ணனைக் கேலி செய்தீர்களே, அவரிடம் நான் கற்றதைச் சொல்கிறேன். லைனை அணைத்தாயிற்று, தாராளமாகத் தொடலாம் என்று யார் வந்து சொன்னாலும் நாங்கள் நம்ப மாட்டோம். பெரிய எஞ்சினியரே சொன்னாலும் சரி. நீளக் கழியில் டெஸ்டரை மாட்டி நாங்களே லைனைத் தொட்டுப் பார்த்து, அதன் பிறகு கம்பியைத் தரையோடு இணைத்துவிட்டுத்தான் கை வைப்போம். சோதிக்காத கம்பியில் கரண்ட் இருக்கிறது என்றுதான் கணக்கு. இவ்வளவுதான் எங்கள் படிப்பு.

காலைத் தொங்கப் போட வேண்டாம் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். இது அக்கறை, தொணதொணப்பு இல்லை.

இப்படிக்கு,
சட்டை கிழித்த மருமகன்


ஜூலை 24

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. தாங்கள் செய்யும் வேலை மிகவும் உயர்ந்தது. எங்கள் தெருவில் கரண்ட் ஒழுங்காக இருக்கிறது. கடையும் நல்லபடி நடக்கிறது. தங்கள் மனைவி நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாள். இப்போதும் தூங்கிக்கொண்டிருப்பதால் எழுப்பி எழுதச் சொல்லவில்லை.

தாங்கள் எதைப் பற்றியும் கவலைப்படாமல் இருக்கவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கவனமாக ஏறவும்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
அத்தை


ஜூலை 31

அத்தைக்கு,

வீட்டில் என்ன நடந்தது?

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டேன். என்னைத் 'தாங்கள்' என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். என் வேலை உயர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டையைக் கிழித்தேன், சாக்கு ஊசியால் ஒட்டுப் போட்டேன் என்று நான் சொல்லியும் ஒரு வார்த்தை இல்லை. ஒரு திட்டுகூட இல்லை, அத்தை. கடிதத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன், பின்பக்கத்திலாவது இருக்குமோ என்று. அவள் கிறுக்கலும் இல்லை.

மறுநாள் காலையில் போர்மேன் அண்ணன் வந்து எதிரே நின்றார். "வீட்டுல எல்லாரும் நலமா?" ஆஸ்பத்திரிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி. என்னையும் ஒட்டகத்தையும் விட்டால் ஏற ஆள் இல்லை. நலம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்கள் கடிதத்தில்கூட அப்படித்தானே இருக்கிறது? நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியல அண்ணே"ன்னேன்.

"தெரியலன்னா?"

"சோதிக்காத கம்பி மாதிரிதான்."

"அப்ப கயித்தைப் பிடி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அன்று தொடங்கி நான் கீழேதான் நிற்கிறேன். ஒட்டகம் ஒற்றை ஆளாக மேலே கஷ்டப்படுகிறார். ஆஸ்பத்திரி வேலை நத்தை மாதிரி நகர்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவராக ஒரு விஷயம் சொன்னார். ஊரில் அவருடைய அம்மா பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது வீட்டில் யாரும் அவருக்குச் சொல்லவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த பார்வையில் இவருக்கே ஏதோ தட்டியிருக்கிறது. கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ வேலைக்குப் போ" என்றார்களாம். அதையே நினைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். டெஸ்டர் போட மறந்துவிட்டார். "ரெண்டு விரலோட போச்சு"ன்னார்.

அத்தை, நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தெரிந்தால் ஏறுவேன், இல்லாவிட்டால் இறங்கி ஓடி வருவேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

மருமகன்


ஆகஸ்ட் 5

மாப்பிள்ளைக்கு,

இங்கே நலமில்லை.

எழுதிவிட்டேன். இரண்டு வாரமாக எழுதாமல் வைத்திருந்த இரண்டு வார்த்தை.

ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. முதலில் கால் வீங்கியது, அப்புறம் கை, ஒரு நாள் காலையில் எழுந்து வந்தவளுடைய முகத்தைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். வீக்கத்தில் கண்ணே தெரியவில்லை. அன்றைக்கே இங்கே சேர்த்தாயிற்று. மருந்தில் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. இப்படியே போனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து, நாள் ஆகும் முன்னாலேயே வெளியே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். இன்றைக்கா நாளைக்கா என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லாதம்மா, அவர் மேல இருப்பாரு" என்றாள். எனக்கும் அதே பயம். இவள் இங்கே இப்படிக் கிடக்க, நீங்கள் அங்கே கலங்கிப் போய் ஏறி, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? இரண்டு பேரையும் பறிகொடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு இருப்பேன்? அதனால் பெரிய கெட்டிக்காரி மாதிரி அழகாக ஒரு கடிதம் எழுதினேன். திட்டி எழுத வரவில்லை மாப்பிள்ளை. அழுதுகொண்டே எப்படித் திட்டுவது? அதனால் மரியாதையாக எழுதிவிட்டேன். அது காட்டிக்கொடுத்துவிட்டது.

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். விரல் போன இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். "சொல்லிடும்மா" என்றாள். உங்கள் ஆபீஸ் ரேடியோவில் சொல்லியனுப்பலாம் என்றார்கள். நாலு காது கடந்து அரைகுறையாக வந்து சேர்ந்தால் அது இன்னும் மோசம். இதை நானே டிப்போவுக்குக் கொண்டுபோய் டிரைவர் கையில் கொடுக்கப் போகிறேன். பாதை திறந்துவிட்டதாம், நேராக வருவதாகச் சொன்னார்.

போர்மேனைக் கழன்ற ஆள் என்று எழுதினேனே, அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சாக்கு ஊசியா? என் இரட்டைத் தையல் மேலே சாக்கு ஊசியா? உங்களுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?

அத்தை

வாங்க.


ஆகஸ்ட் 30

அத்தைக்கு வணக்கம்.

நல்லபடி வந்து சேர்ந்தேன். ஒட்டகம் என் பெஞ்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காலை முழுசாக நீட்டிப் படுத்திருந்தார். எழுப்பிவிட்டேன்.

வீட்டில் இருந்தபோது சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். உங்கள் கடிதம் கையில் கிடைத்ததும் போர்மேன் அண்ணனிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "வீட்டுல எல்லாரும் நலமா?"ன்னு மட்டும் கேட்டார். "இல்லண்ணே"ன்னேன். "லாரி திரும்புது. ஏறு"ன்னார். கம்பத்தை இறக்கி முடிக்கும் வரைகூட டிரைவரை அவர் நிற்க விடவில்லை. மிச்சத்தைப் பாதையோரம் உருட்டிவிட்டு அனுப்பி வைத்தார்.

ஆபரேஷன் அறை வாசலில் நீங்கள் நின்றீர்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று சத்தம் போடுவீர்கள் என்று நினைத்துத்தான் ஓடி வந்தேன். நீங்கள் என் தோளில் இருந்த அந்த ஒட்டைத் தடவிப் பார்த்தீர்கள், பிறகு அதிலேயே முகத்தை வைத்து அழுதீர்கள். எனக்கு அம்மா இல்லை, உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு இருந்தது போல இருந்தது.

உங்கள் பேத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மேலே விளக்குப் போட்டிருந்தார்களே, நான் பிள்ளையைப் பார்த்த நேரத்தைவிட அந்த விளக்கைப் பார்த்த நேரம்தான் அதிகம். அது கொடுக்கும் சூட்டில்தான் என் மகள் மூச்சு விடுகிறாள். எங்கேயோ யாரோ பார்த்துப் பார்த்துக் கட்டிய லைனில்தான் அந்த விளக்கு எரிகிறது. இத்தனை வருஷம் இந்த வேலையைப் பார்த்தும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நடைபாதையில் போன எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவர் பயந்துபோய்விட்டார்.

இங்கே ஆஸ்பத்திரிக்கு இன்னும் கரண்ட் போகவில்லை. கடைசிப் பகுதி செங்குத்துச் சரிவு. அதை முடித்துவிட்டுத்தான் வருவேன், அதற்கு உங்கள் மகளிடம் உத்தரவு வாங்கியாயிற்று.

இரண்டு பேரும் எப்படி இருக்கிறார்கள்? டெஸ்டர் போட்டுப் பார்த்தது போல எழுதுங்கள்.

மருமகன்


செப்டம்பர் 14

மாப்பிள்ளைக்கு,

அத்தை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அவளுக்கு அழுத்தம் இறங்கிவிட்டது. மாத்திரை உண்டு. தையல் போட்ட இடம் இருமினால் வலிக்கிறது. சின்னவளுக்கு எடை ஏறுகிறது, ஆனால் உடம்பில் சூடு இன்னும் பற்றவில்லை. அறையில் ஹீட்டர் போட்டு வைக்கச் சொன்னார் டாக்டர். விடாமல் ஓடுகிறது. நீங்கள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருக்கிறது.

போன வாரம் மழையில் கரண்ட் போய்விட்டது. எங்கள் தெரு மட்டும்தான். ஹீட்டரும் நின்றுவிட்டது. போன் போட்டுக் கத்தினேன். சும்மா சொல்லக் கூடாது, மஞ்சள் தொப்பிக்காரர் உடனே வந்துவிட்டார். தெருவே வாசலில் நின்றது. ஏணியைச் சாத்தினார். எனக்கு என்ன தோன்றியதோ, கிட்டே போய், "வீட்டுல எல்லாரும் நலமா?" என்று கேட்டேன்.

மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எப்போதும் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இதைக் கேட்கிறாளே என்று நினைத்திருப்பார். நலம் என்று சொல்லிவிடக் கூடாதா என்று மனசுக்குள் கெஞ்சினேன், பொய் சொல்ல மாட்டேன். "இல்லம்மா. பையன் ஆஸ்பத்திரியில இருக்கான். நான் இன்னும் சாப்பிடக்கூட இல்ல" என்றார்.

உள்ளே என் பேத்தி குளிரில் கிடக்கிறாள், மாப்பிள்ளை. இவர் ஏறினால் உடனே ஹீட்டர் எரியும். கல்லுளிமங்கன் என்று நான் பெயர் வைத்த ஆள். ஏணியைக் கையால் பிடித்துக்கொண்டேன். "ஏறாதீங்க. வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க" என்றேன்.

தெருவில் கசமுசா என்று பேச்சு. எதிர்வீட்டுக்காரர், "ஏம்மா, உங்களுக்கு வெளிச்சம் வேணுமா வேணாமா?" என்று சத்தம் போட்டார். "வேணும். ஆளும் வேணும்" என்றேன். "பேரப்பிள்ளை எங்க வீட்டுலதான் இருக்கு, உங்க வீட்டுல இல்ல." தொப்பிக்காரர் ஆபீஸுக்குப் போன் போட்டார். எங்கள் கடைப் பெண் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள். வாசல்படியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

நான் உள்ளே ஓடினேன். உங்கள் வீட்டுக்காரி குழந்தையைத் தன் நெஞ்சோடு ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மேல் நான் போர்வை, அதன் மேல் கடையில் கிடந்த கம்பளித் துணி, கல்யாண ஆர்டருக்கு வந்த வெல்வெட் வரைக்கும் போர்த்தினேன். மூன்று பேரும் ஒரே மூட்டையாகக் கிடந்தோம். அடுத்த தெரு லைன்மேன் வந்து ஏறி வெளிச்சம் வரும் வரைக்கும் குழந்தையின் பாதத்தை என் உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டே இருந்தேன். பயந்துதான் போனேன், ஆனால் பாதம் சில்லிடவில்லை.

மறுநாள் மஞ்சள் தொப்பிக்காரர் வந்து பையன் கண் விழித்துவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

இனி உங்களுக்கு. பிள்ளை பிறந்து இத்தனை நாளாயிற்று, பெயர் யோசித்தீர்களா? ஒட்டகத்தின் கால் நீளத்தைப் பக்கம் பக்கமாக எழுத நேரம் இருக்கிறது, பெற்ற பிள்ளைக்கு ஒரு பெயர் எழுத நேரம் இல்லையா? போகும்போது ஈரத் துண்டை ஹீட்டர் மேலே போட்டுவிட்டுப் போனது யார்? நீங்களெல்லாம் கரண்ட் வேலைக்காரர்! வீடு பற்றி எரிந்திருக்கும். புதுச் சட்டை வைத்திருக்கிறேன். இரு தோளிலும் உள்ளே இன்னொரு துணி கொடுத்து அடித்திருக்கிறேன். இதையும் கிழித்துக்கொண்டு வந்தால் அந்த மலையிலேயே இருந்துவிடுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இப்படிக்கு,
வாய் திரும்பக் கிடைத்த அத்தை

நானும் நலம், குட்டியும் நலம். அம்மா முழு நலம், படிச்சாலே தெரியும்.


செப்டம்பர் 27

அத்தைக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. ஏணி வந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் மிச்சத்தைப் படித்தேன். போர்மேன் அண்ணனுக்கும் அந்த இடத்தைப் படித்துக் காட்டினேன். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "உன் அத்தை நம்ம ஆளுப்பா" என்றார்.

மறுநாள் கடைசிச் சரிவு. எல்லாரும் வரிசையாக நின்றோம். அண்ணன் என் எதிரே வந்து முகத்தைப் பார்த்தார்.

"வீட்டுல எல்லாரும் நலமா?"

"நாலு பக்கத்துக்குத் திட்டு வந்திருக்கு அண்ணே."

அண்ணன் சிரித்துவிட்டார். அதற்கு முன் அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஒட்டகம் சத்தியம் செய்கிறார், இருபது வருஷத்தில் முதல் தடவையாம். "அப்ப ரொம்ப நலம். ஏறு" என்றார்.

ஏறினேன். கடைசிக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கி, எல்லாரும் கீழே வந்துவிட்டோமா என்று தலை எண்ணிப் பார்த்த பிறகு லைனைப் போடச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி ஜன்னலில் வெளிச்சம் வந்தது. நர்ஸ் அம்மா வாசலுக்கு ஓடி வந்து, வாயில் கவ்விப் பிரசவம் பார்த்த அந்த டார்ச்சை எங்களுக்குக் காட்டி ஆட்டினார், பிறகு அதைப் புதருக்குள் வீசி எறிந்தார். அப்புறம் அவரே போய்த் தேடி எடுத்துக்கொண்டார். கரண்ட்டை அவ்வளவு சீக்கிரம் நம்ப முடியுமா என்று கேட்டார்.

அடுத்த வாரம் கிளம்புகிறேன். பெயர் யோசித்து வைத்திருக்கிறேன், நேரில் சொல்கிறேன். துண்டு விஷயத்தில் தப்பு என்னுடையதுதான்.

புதுச் சட்டையும் கிழிந்துவிட்டது அத்தை. இந்தத் தடவை முழங்கையில். நான் கிளம்பும் முன்னால் லாரி ஒரு தடவை இங்கே வரும். மறக்காமல் பதில் எழுதவும்.

மருமகன்